மேடைக்கு அடியில் நான்கு அங்குலம்

சமையல் மேடையின் கீழ்ப் பெட்டிகளுக்கும் தரைக்கும் இடையே உள்ள திறப்பை மறைக்கும் பட்டை ஸ்கர்டிங். பெரும்பாலும் நான்கு அங்குல உயரம். ஆறு அங்குலம் வைப்பதும் உண்டு. ஷட்டர் முகப்பிலிருந்து இரண்டு மூன்று அங்குலம் உள்ளே தள்ளி நிற்கும். நின்று சமைப்பவரின் கால்விரல்கள் அந்தப் பள்ளத்துக்குள் போவதால்தான் இடுப்பு மேடையை ஒட்டுகிறது, முதுகு வளையாமல் இருக்கிறது. தரையில் உட்கார்ந்து சமைத்த காலத்தில் இதற்குத் தேவையே எழவில்லை. நின்று சமைக்கும் மேடை வந்த பிறகு, கொத்தனார்கள் மேடைக்கு அடியில் நான்கு அங்குலத் திட்டு கட்டி, அதைச் சற்று உள்வாங்கி டைல்ஸ் ஒட்டினார்கள். அந்தத் திட்டின் இன்றைய வடிவமே கழற்றி மாட்டக்கூடிய பட்டை.

ராஜபாளையத்திலும் பன்னிரண்டு கிலோமீட்டர்போல் தள்ளியிருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும், தமிழ்நாட்டின் பிற ஊர்களைப் போலவே, இந்த வேலை இரண்டு விதமான சமையலறைகளில் நடக்கிறது. ஒன்று, திருகு கால்களின் மேல் ப்ளைவுட் பெட்டிகளை நிறுத்தும் புதிய அறை. மற்றது, செங்கல் சுவரும் கடப்பா கல் தட்டுகளும் கொண்ட பழைய அறை. அதற்குக் கதவு மட்டும் போட்டு மாடுலர் ஆக்குவார்கள். முதல் வகையில் ஸ்கர்டிங் கடைசி நாள் வேலை. இரண்டாவதில் அது ஏற்கெனவே கட்டப்பட்ட திட்டு. பாத்திரம் கழுவும் இயந்திரமும் மேடைக்கடி ஃபிரிட்ஜும் நுழைந்த வீடுகளில் இரண்டிலுமே சிக்கல் வருகிறது. எந்தக் கருவி எங்கே நிற்கும் என்பதைத் தரை போடும் முன்பே முடிவு செய்யாததுதான் காரணம்.

தரையிலிருந்தே கணக்கு தொடங்க வேண்டும். தண்ணீர் ஊற்றிக் கழுவும் வழக்கம் உள்ள வீடுகளில் தரைக்கு வாட்டம் விட்டிருப்பார்கள். மேடை ரசமட்டத்துக்கு நிற்கும், தரை நிற்காது. எட்டடி நீள மேடையில் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் மூன்று நான்கு நூல் வேறுபாடு வந்தால்கூட நேராக அறுத்த பட்டையின் அடியில் ஆப்பு வடிவில் சந்து தெரியும். அனுபவமுள்ள ஆசாரி பட்டையை மட்டத்துக்கு நிறுத்தி, சின்ன மரக்கட்டையின் மேல் பென்சிலை வைத்துத் தரையோடு இழுத்துப் போவார். தரையின் ஏற்ற இறக்கம் அப்படியே பட்டையில் கோடாக விழும். அந்தக் கோட்டில் அறுத்தால் சரியாக உட்காரும். பிவிசி பட்டையின் அடி விளிம்பில் உள்ள ரப்பர் உதடு ஓரிரு நூலைச் சமாளிக்கும். அதற்கு மேல் அதை நம்பக் கூடாது.

பாத்திரம் கழுவும் இயந்திரம்தான் அதிகம் சோதிப்பது. உள்ளே பொருத்தும் இயந்திரங்களின் குறைந்தபட்ச உயரம் ஏறத்தாழ 815 மி.மீ., அகலம் 600 மி.மீ. முப்பத்திரண்டு அங்குல மேடை என்பது 813 மி.மீ.; கிரானைட் கனத்தைக் கழித்தால் 795 சொச்சம்தான் மிஞ்சும். இயந்திரம் நுழையாது. முப்பத்துநான்கு அங்குல மேடையில் நுழைந்து, கால்களைத் திருகி உயர்த்தவும் இடம் இருக்கும். கடப்பா அறையில் இன்னொரு வேலையும் சேரும்: அந்தக் கட்டத்தில் மட்டும் திட்டை உடைத்து, வெளித்தரையின் மட்டத்துக்கே டைல்ஸ் போட வேண்டும்.

அடுத்த தடை கதவில். அது கீழ்நோக்கித் திறக்கும். கீல் அடிவிளிம்புக்குச் சற்று மேலே இருக்கும். அதனால் கதவின் மேல்பகுதி வெளியே சாயும்போது, கீலுக்குக் கீழே தொங்கும் அலங்காரப் பலகையின் நுனி உள்பக்கம் திரும்பி ஸ்கர்டிங்கில் இடிக்கும். ஸ்கர்டிங் தாழ்வாக இருந்தால் பலகை நீளமாகும். நீளம் கூடக் கூட இடியும் கூடும். இதற்கு இரண்டு வழிகள். அந்த இடத்துப் பட்டையை இன்னும் உள்ளே தள்ளலாம். அல்லது மேல் விளிம்பில் பலகை அகலத்துக்கு வெட்டு எடுக்கலாம். கதவை மெல்ல முழுதும் திறந்து, தொடும் இடத்தைக் குறித்து, அதற்குமேல் ஒரு நூல் தாராளம் விட்டு வெட்டுவது பாதுகாப்பான முறை. அளவுப் புத்தகத்தை மட்டும் பார்த்து வெட்டினால் வாட்டம் கெடுத்துவிடும்.

ஃபிரிட்ஜுக்கு வேண்டியது காற்று. மேடைக்கடியில் பொருத்தும் ஃபிரிட்ஜ் வெப்பத்தைப் பெரும்பாலும் ஸ்கர்டிங் வழியாகவே வெளியேற்றுகிறது. தயாரிப்பாளர்கள் பலர் குறைந்தது 200 சதுர செ.மீ. திறப்பு கேட்கிறார்கள்; 60 செ.மீ. அகலத்தில் மூன்றரை செ.மீ. உயரப் பிளவு 210 தரும். கிரில்லின் கம்பிகள் அடைக்கும் பரப்பு இதில் சேராது என்பது அடிக்கடி மறக்கப்படுகிறது. வெப்பநாட்டு வகையாக ‘டி’ முத்திரை பெற்ற ஃபிரிட்ஜ்கூட 43 டிகிரி வரைக்கே வடிவமைக்கப்பட்டது. தென்மாவட்டக் கோடையில் அறையே அதை நெருங்கும்போது, அடைத்த பட்டைக்குப் பின்னால் கம்ப்ரசர் ஓய்வின்றி ஓடும். கிரில்லின் துளை இரண்டு நூலுக்குக் குறைவாக இருக்கட்டும். அதைவிடப் பெரிய சந்தில் சுண்டெலி நுழைந்துவிடும்.

எரிவாயு தனிக் கவனம் கேட்கிறது. சமையல் எரிவாயு காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. கசிந்தால் தரையோடு பரவும். 14.2 கிலோ சிலிண்டரை மேடைக்கடிப் பெட்டியில் வைத்து, பெட்டியின் அடிப்பலகையில் காற்றுத் துளை போட்டு, முன்னால் இறுக்கமான ஸ்கர்டிங்கும் அடித்தால், கசிந்த வாயு நேராகப் பட்டைக்குப் பின்னாலுள்ள வெற்றிடத்தில் தேங்கும். அதே வெற்றிடத்தில் பக்கத்து ஃபிரிட்ஜின் மின் தொடர்புகளும் இருக்கும். இப்படிச் செய்யவே கூடாது. சிலிண்டர் பகுதிக்கு அடிப்பலகையும் ஸ்கர்டிங்கும் வேண்டாம். கதவைத் தரைக்கு அரை அங்குலம் மேலேவரை இறக்கி, பின் சுவரில் தரைமட்டத்தில் வெளிக்காற்றுத் துளை விட்டு, இருபுறமும் உள்ள வெற்றிடங்களைத் தடுப்பு வைத்துப் பிரித்துவிடுவது நல்லது. உருளை வண்டியில் சிலிண்டரைத் தள்ளி வெளியே எடுக்கவும் அது வசதி.

பொருள் தேர்வில் தண்ணீரே நடுவர். ஆடிப்பூரத் தேருக்கு உறவினர் வந்திறங்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில், தரையை ஈரத்துணியால் துடைத்தால் போதும் என்று யாரும் விட்டுவிட மாட்டார்கள். அறுத்த விளிம்பு வழியே நீர் ஏறினால் சாதா ப்ளைவுட் உப்பிவிடும், ஐ.எஸ். 710 மரைன் வகையும் விளிம்பு அடைக்காவிட்டால் நாளடைவில் கெடும். கரையான் ஏறுவதும் கீழிருந்துதான். அதனால் பிவிசி அல்லது அலுமினியமே பொருத்தம். அலுமினியம் உறுதி, ஆனால் வெட்டிய முனையில் பிசிறு தட்டாவிட்டால் துடைப்பவரின் கையைக் கிழிக்கும்.

பட்டைகள் பெட்டிக் கால்களில் கிளிப் மூலம் மாட்டப்படுகின்றன. இயந்திரம் நிற்கும் 600 மி.மீ. கட்டத்தில் பெட்டிக்கால் கிடையாது. பட்டை நடுவில் தளராமல் இருக்க இருபுறப் பெட்டிகளிலும் துணைக்கட்டை கொடுக்க வேண்டும். இணைப்புகள் இயந்திரத்தின் இரு ஓரங்களிலும் விழும்படி பிரித்தால், மற்றவற்றைத் தொடாமல் அந்தத் துண்டை மட்டும் கழற்றலாம். அங்கே சிலிக்கான் பூசக் கூடாது: குழாய் ஒழுகினால் தண்ணீர் உடனே முன்னால் தெரிய வேண்டும், மெக்கானிக் வந்தால் துண்டு கையோடு வர வேண்டும். ஒவ்வொரு துண்டின் பின்பக்கமும் இடவரிசை எண் எழுதிவைத்தால், கழற்றியவை அதே வாட்டத்தில் திரும்ப உட்காரும்.