தகுதியற்ற வீட்டிலிருந்து ஒரு வேட்பாளர்

தேர்தலில் நிற்பவரைத் தமிழ் வேட்பாளர் என்கிறது. வேட்பு என்றால் விருப்பம். பதவியை விரும்பி முன்வருபவர் என்பது அச்சொல்லின் நேர்ப்பொருள். மராத்தியில் அவரே உமேத்வார். உமேத் என்ற பாரசீகச் சொல் நம்பிக்கையையும் எதிர்பார்ப்பையும் குறிக்கும். இதே சொல் ஒரு காலத்தில் தமிழுக்கும் வந்திருந்தது. சர்க்கார் வேலை கிடைக்கும் என்ற எதிர்பார்ப்போடு கச்சேரி வாசலில் காத்திருந்தவரைப் பழைய அலுவலகத் தமிழ் உமேதுவார் என்று அழைத்தது. விரும்புபவர், நம்புபவர், காத்திருப்பவர். 2026 ஜனவரி 15 அன்று நடந்த மும்பை மாநகராட்சித் தேர்தலில் தாராவியிலிருந்து சுயேச்சையாக நின்ற ஒரு பெண்மணிக்கு இம்மூன்று பொருளும் ஒருங்கே பொருந்தின.

அவருடைய பெயர் இங்கே தேவையில்லை. வயது நாற்பத்தாறு. தோல் பதனிடும் தொழிலுக்காகத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த தாத்தாவின் பேத்தி. பிறந்தது தாராவியில், படித்தது மாநகராட்சி நடத்தும் தமிழ்வழிப் பள்ளியில், ஏழாம் வகுப்பு வரை. மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளிகளை நடத்துகிறது என்பதும் அவற்றில் தமிழும் ஒன்று என்பதும் தமிழ்நாட்டில் பலருக்குத் தெரியாத செய்தி. திருமணத்துக்குப் பிறகு நான்கு பெண்களோடு சேர்ந்து முறுக்குச் சுற்றிக் கடைகளுக்குக் கொடுத்து வருகிறார். வீட்டில் தமிழ், சந்தில் இந்தி, அலுவலக மேசைக்கு முன்னால் மராத்தி என்று நாளொன்றுக்கு மூன்று மொழிகளில் வாழ்பவர். குடியிருப்பது ஒரு தகரக் கட்டடத்தின் மேல்தளத்தில், வாடகைக்கு. இரும்பு ஏணி வழியாக ஏறிச் செல்ல வேண்டிய அறை அது. அந்த மேல்தளம்தான் பின்னால் வரப்போகும் சிக்கலின் வேர்.

முதலில் காத்திருப்பு. மும்பை மாநகராட்சிக்கு 2017 பிப்ரவரியில் தேர்தல் நடந்தது. அந்த மன்றத்தின் ஐந்தாண்டுக் காலம் 2022 மார்ச்சில் முடிந்தது. அரசமைப்புச் சட்டத்தின் 243U என்னும் பிரிவு, காலம் முடிவதற்கு முன்பே அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்கிறது. நடக்கவில்லை. பிற்படுத்தப்பட்டோர் இடஒதுக்கீடு பற்றிய வழக்குகளும் வார்டு எண்ணிக்கையும் எல்லைகளும் குறித்த பூசல்களும் தேர்தலைத் தள்ளிக்கொண்டே போயின. 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் மகாராஷ்டிரத்தின் உள்ளாட்சித் தேர்தல்களை நடத்தும்படி உத்தரவிட்ட பிறகே தேர்தலின் சக்கரம் உருண்டது. இடைப்பட்ட ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் ஆணையரே மன்றமுமாக இருந்தார். 2025–26 நிதியாண்டுக்கான ரூ.74,427 கோடி வரவுசெலவுத் திட்டம் ஒரு வார்டு உறுப்பினர்கூட எழுந்து கேள்வி கேட்காமல் நிறைவேறியது. இது மும்பைக்கு மட்டும் உரிய விதிவிலக்கு அன்று. பெங்களூரு மாநகராட்சி மன்றத்தின் காலம் 2020 செப்டம்பரில் முடிந்து, பல ஆண்டுகள் தேர்தலே இல்லாமல் கழிந்தன. சென்னையிலும் 1973இல் கலைக்கப்பட்ட மன்றம் 1996இல்தான் தேர்தல் வழியே மீண்டது.

மன்றம் இல்லாத காலம் செய்தித்தாளில் ஒரு சட்டச் சிக்கலாகத் தெரியும். சந்தில் அது வேறு விதமாகத் தெரியும். சாக்கடை அடைத்துக்கொண்டால் போய் நிற்பதற்கு ஒரு வீட்டுவாசல் இல்லை. பள்ளியில் சேர்க்கவும் மருத்துவமனையில் சலுகை கேட்கவும் தேவைப்படும் ஒரு கடிதத்தில் கையெழுத்திட ஆளில்லை. பொதுக் கழிப்பிடத்தின் தண்ணீர்த் தொட்டி உடைந்தபோது அந்தப் பெண்மணி வார்டு அலுவலகத்துக்குப் பதினோரு முறை நடந்தார். ஒவ்வொரு முறையும் தேதி எழுதி வாங்கிய ஒப்புகைச் சீட்டுகளை ஒரு பிளாஸ்டிக் உறையில் சேர்த்து வைத்தார். தேர்தலில் நிற்கும் எண்ணத்தை அவருக்குள் விதைத்தது எந்தக் கொள்கையும் அன்று, அந்த உறைதான். பதினோரு முறை நடந்த கால்களுக்கு ஒரு பதவி இருந்தால் மூன்று முறை நடந்தால் போதுமே என்பதுதான் அவருடைய கணக்கு.

அடுத்தது குலுக்கல். மகாராஷ்டிர உள்ளாட்சிகளில் 2011 முதல் பாதி இடங்கள் பெண்களுக்கு உரியவை. எந்த வார்டு யாருக்கு என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிப்பார்கள். மராத்தியில் அதற்குச் சோடத் என்று பெயர். 2025 நவம்பர் 11 அன்று பாந்திராவின் பாலகந்தர்வ அரங்கில் நடந்த குலுக்கலில் 227 வார்டுகளில் 114 பெண்களுக்கு ஒதுக்கப்பட்டன. அவருடைய வார்டும் அவற்றுள் ஒன்று. அதுவரை அங்கே பத்தாண்டுகளாகத் திருவிழாவுக்கும் இழவுக்கும் முன்னால் நின்று தன்னை வருங்கால உறுப்பினராகக் கருதியிருந்த ஒரு கட்சிக்காரர் ஒரே சீட்டில் வெளியே தள்ளப்பட்டார். மறுநாள் காலையில் அவருடைய மனைவியின் படம் பதாகையில் ஏறியது. பக்கத்திலேயே அதைவிடப் பெரிதாக அவருடைய படமும். உறுப்பினரின் கணவரே உறுப்பினராக இயங்குவதை வட இந்தியாவில் பார்ஷத்-பதி என்பார்கள். சட்டம் பெண்ணுக்கு நாற்காலியைக் கொடுக்கிறது. நாற்காலியின் கைப்பிடியை யார் பிடித்திருக்கிறார்கள் என்று அது பார்ப்பதில்லை.

சட்டம் பார்க்கும் இடங்களும் உண்டு. வேட்பாளருக்கு இருபத்தொரு வயது நிறைந்திருக்க வேண்டும். நகரின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். அந்த வார்டிலேயே குடியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆகவே உள்ளூர்வாசி என்பது சட்டத்தின் சொல் அன்று, தெருவின் சொல். மகாராஷ்டிரத்தில் இன்னொரு விதி, 2001 செப்டம்பருக்குப் பின் பிறந்த பிள்ளையையும் சேர்த்து இரண்டுக்கு மேற்பட்ட பிள்ளைகள் உள்ளவர் உள்ளாட்சித் தேர்தலில் நிற்க முடியாது என்பது. முறுக்குச் சுற்றும் ஐவரில் பேச்சிலும் கணக்கிலும் வல்லவர் வேறொருவர். முதலில் எல்லோரும் அவரைத்தான் நினைத்தார்கள். அவருக்கு மூன்று பிள்ளைகள், கடைக்குட்டி 2009இல் பிறந்தவள். எத்தனை பிள்ளைகள் என்பதில் அந்தத் தாய்க்கு எவ்வளவு சொல் இருந்தது என்று விதி கேட்பதில்லை. ஆகவே வாய்ப்பு இவருக்கு வந்தது.

இனி மேல்தளம். தாராவியை இடித்துக் கட்டும் திட்டத்துக்கான கணக்கெடுப்பு 2024 மார்ச்சில் தொடங்கியது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பதை மெய்ப்பிப்பவருக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடியில் இலவச வீடு. அதற்குப் பின் வந்தவர்களுக்கும் மேல்தளத்தில் இருப்பவர்களுக்கும் தாராவிக்குள் அந்த வீடு இல்லை. வெளியே வேறிடத்தில், விலைக்கோ வாடகைக்கோ. முதல் வகையினரைப் பாத்ர் என்றும் மற்றவர்களை அபாத்ர் என்றும் அரசுத் தாள்கள் குறிக்கின்றன. தாராவித் தமிழரும் அப்படியே சொல்கிறார்கள். "அவங்க பாத்ர், நாங்க அபாத்ர்" என்று ஊர் விசாரிப்பதுபோல விசாரித்துக்கொள்கிறார்கள். தாத்தா காலத்திலிருந்து தாராவியில் இருந்தும், மணமாகி வாடகைக்கு மேல்தளம் ஏறிய ஒரே காரணத்தால் அந்தப் பெண்மணி அபாத்ர்.

பாத்திரம் தமிழுக்குப் புதிய சொல் அன்று. சமையலறையில் கலம், மேடையில் வேடம், பிறகு நம்பிக்கைக்குப் பாத்திரமானவர் என்பதுபோலத் தகுதி. பாத்திரம் அறிந்து பிச்சை இடு என்ற பழமொழியில் அது கொடை பெறத் தக்கவரைக் குறிக்கிறது. அரசுத் தாளில் உள்ள பாத்ர் இந்தப் பழமொழியின் வழி வந்தது. கொடுப்பவர் ஒருவர் உயரத்தில் இருக்கிறார். பெறுபவர் தகுந்தவரா என்று அவர் சோதிக்கிறார். வீடு அங்கே கொடையாகிவிடுகிறது. கொடைக்குத் தகுதியற்றவர் என்று எழுதப்பட்ட ஒருவரை, நகரத்தின் மன்றத்தில் அமரத் தகுதியுடையவர் என்று அரசமைப்புச் சட்டம் சொல்கிறது. இரண்டு இடத்திலும் காட்டப்படும் சான்று ஒன்றேதான்: வாக்காளர் பட்டியல். பழைய பட்டியலில் பெயர் இருந்தால் வீட்டுக்குத் தகுதி என்று தேடுவார்கள். இன்றைய பட்டியலில் பெயர் இருந்தால் வேட்புமனுவை ஏற்பார்கள். முதலாவது அவரை மனுதாரராக்குகிறது, இரண்டாவது குடிமகளாக்குகிறது.

இந்த முரண் வாக்குக் கேட்கப் போன இடத்தில் நேராகவே எதிர்ப்பட்டது. இட்லி மாவு அரைத்து விற்கும் ஒரு பெரியவர், அவருடைய தகப்பனாரின் கூட்டாளி, முகத்துக்கு நேரே கேட்டார்:

"ஏம்மா, ஒனக்கே இங்க வீடு கெடையாதுன்னு எழுதிட்டான். நாளைக்கு நீ எங்க கெடப்பியோ. ஒன்ன நம்பி எப்படி ஓட்டுப் போட?"

"வீடு அவங்க குடுக்கிறது அண்ணாச்சி. ஓட்டு நம்மகிட்ட இருக்கிறது. இருக்கிறத வச்சுத்தான கேக்க முடியும்?"

பெரியவர் பதில் சொல்லவில்லை. ஆனால் அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. தாராவியின் மறுகட்டுமானத்தில் மாநகராட்சி மன்றத்துக்கு முடிவெடுக்கும் இடம் இல்லை. அப்பகுதிக்கான திட்ட அதிகாரம் மாநில அரசின் குடிசை மறுவாழ்வு ஆணையத்திடம் இருக்கிறது. வார்டு உறுப்பினர் ஆனாலும் ஓர் அபாத்ரைப் பாத்ராக மாற்ற அவரால் முடியாது. தண்ணீர், கழிப்பிடம், சாக்கடை, பள்ளி, மருந்தகம் இவ்வளவுதான் அவர் எல்லை. வீட்டைப் பற்றிப் பேசாத வேட்பாளரைத் தாராவி நம்பாது. வீட்டை வாங்கித் தருவேன் என்று சொல்லும் வேட்பாளர் உண்மை பேசவில்லை. இந்த இடுக்கில் பெரிய கட்சிகள் இரண்டாவது வழியை எளிதாக எடுத்துக்கொண்டன. அவரோ தம் துண்டறிக்கையில் மூன்று மொழிகளில் மூன்று வரிகள் அச்சிட்டார்: கழிப்பிடத்துக்குத் தண்ணீர், தமிழ்ப் பள்ளிக்கு ஆசிரியர், ஒவ்வொரு மனுவுக்கும் தேதியிட்ட பதில். வீடு பற்றிக் கேட்டவர்களிடம், அந்தக் கணக்கெடுப்புத் தாளை மன்றத்தில் உரக்கப் படிக்க மட்டும் தன்னால் முடியும் என்றார்.

எதிர்ப்பு இன்னொரு திசையிலிருந்தும் வந்தது. ஸ்தானிக் என்றால் மராத்தியில் உள்ளூர்க்காரர். தாராவியில் அந்தச் சொல்லுக்கு முதல் உரிமையாளர்கள் கோளிவாடாவின் மீனவர்கள். மற்ற அனைவரும் ஏதோ ஒரு தலைமுறையில் வந்து இறங்கியவர்கள்தாம். ஆயினும் தேர்தல் வரும்போது அச்சொல் மொழியை நோக்கித் திரும்பும். இவர் ஸ்தானிக் அல்லர், மதராஸி என்று ஒரு பேச்சு கிளம்பியது. அதற்கு அவர் மராத்தியிலேயே பதில் சொன்னார். பிழையற்ற மராத்தி அன்று. இருபது ஆண்டுகள் அலுவலக வரிசைகளில் நின்று கற்ற மராத்தி. கேட்டவர்கள் அவருடைய இலக்கணத்தைத் திருத்தவில்லை. அந்த வரிசைகளில் அவர்களும் நின்றிருந்தார்கள்.

மும்பையின் வாக்காளர்கள் ஒரு கோடிக்குச் சற்று மேல். சராசரியாக ஒரு வார்டுக்கு 45,000 பேர். அத்தனை பேரை நடந்தே சந்திக்க ஒரு சுயேச்சைக்கு நாள் போதாது, பணமும் போதாது. ஜனவரி 16 அன்று எண்ணப்பட்டபோது அவர் தோற்றார்; நெருக்கமான தோல்விகூட இல்லை. முறுக்கு வியாபாரத்தில் சேமித்ததில் ஒரு பகுதி துண்டறிக்கையாகத் தீர்ந்திருந்தது. வென்றவரின் வீட்டுவாசலுக்கு அதே மாதத்தில் பிளாஸ்டிக் உறையோடு முதலில் போய் நின்றவரும் அவர்தான். நான்கு ஆண்டுகளாக இல்லாத ஒரு வாசல் இப்போது இருக்கிறது. அதைத் தட்டுவதில் அவருக்குத் தயக்கம் இல்லை.

ஒரு தோல்வியாக மட்டும் இதைக் கணக்கில் எழுதிவிட முடியாததற்குக் காரணம் உண்டு. தாராவியின் அபாத்ர்களுக்காக முலுண்ட், தேவ்னார், மலாட் போன்ற தொலைவிடங்களில் நிலம் ஒதுக்கப்பட்டுள்ளது. அவர்கள் அங்கே போகும்போது வீட்டுச் சாமான்களோடு வாக்கும் இடம்பெயரும். மேல்தளங்களில் இருந்தவர்களின் பெயர்கள் இந்த வார்டுகளின் பட்டியலிலிருந்து நீங்கி, அவர்களை அறியாத வேறு வார்டுகளின் பட்டியல்களில் சிதறும். தாராவியில் என்ன கட்ட வேண்டும், யாருக்கு என்று கேட்கப்படும்போது, அதைக் கேட்பதற்கான வாக்கு தாராவியில் எஞ்சியவரிடம் மட்டும் இருக்கும். வெளியேற்றப்படுபவர்கள் கூட்டமாக ஒரே வார்டில் இருக்கும் கடைசித் தேர்தல் அநேகமாக இதுவாகவே இருக்கலாம். அந்தத் தேர்தலின் வாக்குச்சாவடியில், அவர்களுள் ஒருவரின் பெயர் விண்ணப்பதாரர் பட்டியலில் இல்லாமல் வேட்பாளர் பட்டியலில் இருந்தது. மாவு அரைக்கும் பெரியவர் எந்தப் பொத்தானை அழுத்தினார் என்று எவருக்கும் தெரியாது. அவர் அழுத்துவதற்கு அப்படியொரு பொத்தான் அங்கே இருந்தது.