மற்றபடி விசேஷம் ஒன்றுமில்லை

பிலாயில் ஒரு வீடு. 2024 டிசம்பர் கடைசி வாரம். சாப்பாட்டு மேஜையில் எட்டு இன்லேண்ட் லெட்டர்கள். ஒன்று இரண்டரை ரூபாய். தபால் ஆபீசில் கேட்டபோது கவுன்டரில் இருந்த பையன் எழுந்து போய், பீரோவைக் குடைந்து எடுத்து வந்தான். ‘இதையெல்லாம் இப்போது யார் வாங்குகிறார்கள் அம்மா?’ என்று இந்தியில் கேட்டான். ‘நான்தான் வாங்குகிறேனே’ என்றார் அந்த அம்மாள்.

அவருக்கு வயது 69. 1977ல் கல்யாணமாகி, மாயவரம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து பிலாய்க்கு வந்தவர். கணவருக்கு உருக்காலையில் வேலை. ரஷ்யர்களின் உதவியோடு கட்டப்பட்ட அந்த ஆலையில் 1959ல் முதல் ஊதுலை எரியத் தொடங்கியதிலிருந்து, நாட்டின் எல்லாத் திசைகளிலிருந்தும் ஆட்கள் வந்து குடியேறிக்கொண்டிருந்தார்கள். தமிழ்க் குடும்பங்களும் கணிசம். ரயிலேற்றிவிட வந்த அப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னது ஒன்றுதான்: ‘மாசா மாசம் எழுத ஒழியாது, தெரியும். வருஷத்துக்கு ஒரு தடவை, பொங்கலுக்கு முன்னால எல்லாருக்கும் ஒரு லெட்டர் போட்டுடும்மா. எப்படி இருக்கீங்கன்னு தெரிஞ்சாப் போதும்.’

அன்றிலிருந்து ஒரு வருஷம்கூடத் தவறவில்லை. முதலில் ஒரு பழைய டைரியில் நகல் எழுதுவார். பிறகு அதைப் பார்த்து ஒவ்வொருவருக்கும் ஒன்றாக எழுதுவார். மதுரையில் அக்கா, மாட்டுங்காவில் அண்ணன், கல்கத்தாவில் நாத்தனார், டெல்லி ஆர்.கே.புரத்தில் கல்லூரித் தோழி, ஊரில் கொழுந்தனார். ஒரு காலத்தில் பதினெட்டு விலாசங்கள் இருந்தன. 1972ல் வந்த பின்கோடு எண்களையெல்லாம் அவர் மனப்பாடமாகச் சொல்வார். விலாசப் புத்தகத்தில் ஊர்களின் பெயர்களும் மாறிக்கொண்டே வந்தன. 1995ல் பம்பாய் அடிக்கப்பட்டு மும்பை ஆனது. 1996ல் மெட்ராஸ் சென்னை ஆனது. 2000 நவம்பர் 1ல் அவர் இருந்த இடத்திலேயே மாநிலம் மாறியது. ம.பி. என்று எழுதிப் பழகிய கை சத்தீஸ்கர் என்று எழுதச் சில மாதங்கள் தடுமாறியது. அதற்கடுத்த வருஷம் கல்கத்தா கொல்கத்தா ஆனது. பெயர் அடிக்கப்பட்ட மனிதர்களும் உண்டு. அவர்களுக்குப் பக்கத்தில் தேதி மட்டும் இருக்கும்.

இன்லேண்ட் லெட்டர் 1950ல் வந்தது. அந்த நீலத் தாளில் வருஷத்தை எழுத ஓர் ஒழுங்கு இருந்தது. முதலில் எல்லாரும் நலம், நலமறிய ஆவல். அடுத்து பிள்ளைகளின் படிப்பு. அப்புறம் மழை, வெயில், அரிசி விலை. யாருக்குக் குழந்தை பிறந்தது, யார் பெண்ணுக்கு எங்கே முடிந்தது. ஊரில் நடந்த சாவுக்கு இரண்டு வரி. பெரியவர்களுக்கு நமஸ்காரம், சின்னவர்களுக்கு ஆசி. இடம் தீர்ந்துவிட்டால் ஓரத்தில் குறுக்காக, மடிக்கும் நாக்கில் பொடி எழுத்தாக. கடைசியில் ஒரு வரி: மற்றபடி விசேஷம் ஒன்றுமில்லை.

அந்தக் கடைசி வரியில்தான் விஷயம் இருக்கிறது. தமிழ்க் குடும்பங்களில் விசேஷம் என்றால் இரண்டு அர்த்தம். கல்யாணமான பெண்ணிடம் ‘ஏதாவது விசேஷம் உண்டா?’ என்று கேட்டால் அது செய்தி கேட்பதல்ல. முதல் நான்கு வருஷம் பதில் கடிதங்களில் எல்லாரும் இதைத்தான் கேட்டார்கள். நான்கு வருஷமும் அவர் அதே வரியை எழுதினார். 1982ல் பெண் பிறந்தாள். 1985ல் இரண்டாவது கரு ஆறாம் மாதத்தில் கலைந்தது. அந்த வருஷத்து நகல் டைரியில் இருக்கிறது. மழை நன்றாகப் பெய்தது, மைத்ரி பாக் பூங்காவுக்குப் போய் வந்தோம், புதிதாக மிக்ஸி வாங்கியிருக்கிறோம், மற்றபடி விசேஷம் ஒன்றுமில்லை. கரு கலைந்தது பற்றி ஓர் எழுத்து இல்லை.

யாரையும் ஏமாற்ற அவர் அப்படி எழுதவில்லை. ஊர் போக வேண்டுமானால் நாக்பூர் போய் வண்டி மாறி ஜி.டி. எக்ஸ்பிரஸ் பிடிக்க வேண்டும். துக்கம் கேட்டு உடனே ஓடிவர முடியாதவர்களுக்குத் துக்கத்தைத் தபாலில் போட்டு என்ன பிரயோஜனம் என்பது அவர் எண்ணம். தூரத்தில் இருப்பவர்களுக்கு நல்லதை மட்டும் எழுது, மற்றதை நேரில் போகும்போது சொல்லிக்கொள்ளலாம். வெளியூரில் குடித்தனம் நடத்திய தலைமுறை கடைப்பிடித்த மரியாதை அது. அதே மாதிரி அக்காவின் கடிதங்களிலும், நாத்தனாரின் கடிதங்களிலும் எத்தனை விஷயங்கள் விடுபட்டிருக்கும் என்று அவருக்குத் தெரியும். கோடை விடுமுறையில் கிணற்றடியில் உட்கார்ந்து பேசும்போது அவை ஒவ்வொன்றாக வெளியே வரும்.

பிறகு டெலிபோன் வந்தது. 1960ல் லக்னோவுக்கும் கான்பூருக்கும் இடையே தொடங்கிய எஸ்.டி.டி., தொண்ணூறுகளில் தெருவுக்குத் தெரு மஞ்சள் போர்டு மாட்டிக்கொண்டது. இரவு கட்டணம் குறையும் நேரத்துக்காகக் கணவனும் மனைவியும் பூத் வாசலில் வரிசையில் நிற்பார்கள். கண்ணெதிரே மீட்டரில் சிவப்பு எண்கள் ஓடும். ‘நல்லா இருக்கோம், நீங்க நல்லா இருக்கீங்களா’ என்பதற்குள் ஏழு ரூபாய் ஆகிவிடும். அதற்கு மேல் மனம்விட்டுப் பேச யாருக்குத் தைரியம் வரும்? ஆனாலும் குரலைக் கேட்டாயிற்று என்று பலர் கடிதத்தை நிறுத்தினார்கள். 2013 ஜூலையில் தந்தியும் போனது.

இப்போது குடும்பத்துக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. 64 பேர். காலை வணக்கத்தோடு விடிகிறது. பேத்தியின் பல் விழுந்தது, மருமகன் கார் வாங்கியது, காலையில் சாப்பிட்ட இட்லி எல்லாம் ஐந்து நிமிஷத்தில் அறுபத்துநான்கு பேருக்கும் தெரிந்துவிடுகின்றன. ‘இன்னும் எதுக்கும்மா லெட்டர்? எழுத என்ன பாக்கி இருக்கு?’ என்று புனேயில் இருக்கும் மகள் கேட்கிறாள்.

பாக்கி இருந்தது. இரண்டு வருஷமாகவே இருந்தது.

கணவருக்கு வயது 74. முதலில் சாவியை வைத்த இடம் மறந்தார். அது எல்லாருக்கும் நடப்பது. பிறகு முப்பது வருஷம் போய்வந்த மார்க்கெட்டிலிருந்து வீட்டுக்கு வழி தெரியாமல் நின்றார். ஓய்வுபெற்றுப் பல வருஷங்கள் ஆன பிறகு ஒரு நாள் விடியற்காலை மூன்றரை மணிக்கு எழுந்து, முதல் ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று சட்டை மாட்டிக்கொண்டார். நாக்பூரில் டாக்டர் பார்த்துவிட்டு டிமென்ஷியா என்றார். இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு இது இருப்பதாக 2023ல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிடுகிறது. அத்தனை பேர் வீட்டிலும் இருக்கிறது என்பதால் அந்த அம்மாளுக்கு எந்த ஆறுதலும் இல்லை. அவ்வளவு பேர் இருந்தும் தன் சொந்தத்தில் ஒருவர்கூட இதைப் பற்றிப் பேசிக் கேட்டதில்லையே என்பதுதான் அவருக்கு ஆச்சரியம்.

அவரும் பேசவில்லை. மகளுக்கு மட்டும் தெரியும். குழுவில் கணவர் பெயரில் பிறந்த நாள் வாழ்த்துகள் போய்க்கொண்டிருந்தன. எழுதியது அவர். கணவரின் போனை எடுத்து, கணவர் எழுதுகிற மாதிரியே, ‘தீர்க்காயுசு’ என்று ஒற்றை வார்த்தையில். திருமண நாள் போட்டோவில் கணவரைச் சிரிக்க வைத்து எடுத்துப் போட்டார். அறுபது பேர் கைகூப்பிய பொம்மைகளை அனுப்பினார்கள். நாற்பத்தேழு வருஷமாக நீலத் தாளில் செய்து பழகியதையே அவர் போனிலும் செய்தார்.

ஆனால் கடிதத்தில் சொல்லாமல் விடுவதற்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் இருந்தது. கடிதத்துக்குப் பிறகு ஒரு கோடை விடுமுறை உண்டு, கிணற்றடி உண்டு. இங்கே தினமும் பார்த்துக்கொண்டே இருப்பதால் யாரும் நேரில் வருவதில்லை. எல்லாம் தெரியும் என்ற நினைப்பில் யாரும் எதையும் கேட்பதும் இல்லை.

அந்த வருஷம் ஐப்பசியில் கொழுந்தனார் ஊரிலிருந்து போன் செய்தார். அந்த அம்மாள் அடுப்படியில் இருந்தார். கணவரே எடுத்தார். ‘அண்ணே, நான்தான்’ என்ற குரலுக்கு, ‘எந்த நான்? யாருப்பா நீ? தப்பு நம்பர்’ என்று சொல்லி வைத்துவிட்டார். வயல் பங்கு விஷயமாக இருவருக்கும் எப்போதோ ஒரு வருத்தம் இருந்து தீர்ந்திருந்தது. அது தீரவில்லை, அண்ணன் மனதில் வைத்திருக்கிறார் என்று தம்பி முடிவு கட்டினார். அதற்குப் பிறகு போன் இல்லை. குழுவிலிருந்தும் விலகிவிட்டார். ‘சித்தப்பா லெஃப்ட்’ என்று மகள்தான் பார்த்துச் சொன்னாள்.

அந்த ஒரு வரியில் அம்மாள் ஆடிப்போனார். மறைத்து வைத்ததால் யாருக்கும் கவலை இல்லாமல் காப்பாற்றியதாக அவர் நினைத்திருந்தார். காப்பாற்றவில்லை. கூடப் பிறந்தவன் கூடப் பிறந்தவனை இழந்துகொண்டிருந்தான். அண்ணனுக்காவது இழப்பது தெரியாது. தம்பிக்கு அண்ணனிடம் தன் பெயர் மிச்சமிருக்கும் நாட்களே கொஞ்சம் என்பது தெரியாமல் போய்க்கொண்டிருந்தது.

அதனால்தான் 2024 டிசம்பரில் சாப்பாட்டு மேஜையில் நகல் டைரி மூன்று நாள் திறந்தபடி கிடந்தது. முதல் வரியாக எல்லாரும் நலம் என்று எழுதி அடித்தார். நேராக விஷயத்தை எழுதி, அதையும் அடித்தார். கடைசியில் மழையைப் பற்றியும், மகளின் வேலை பற்றியும் எழுதிவிட்டு, மற்றபடி விசேஷம் ஒன்றுமில்லை என்று வர வேண்டிய இடத்தில் எழுதினார்: ‘அவருக்கு ஞாபகம் போய்க்கொண்டிருக்கிறது. இரண்டு வருஷமாகிறது. குழுவில் அவர் பெயரில் எழுதியதெல்லாம் நான். மன்னிக்க வேண்டும். முடிந்தவர்கள் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போங்கள்.’

கொழுந்தனாரின் கடிதத்தில் மட்டும் மடிக்கும் நாக்கில் பொடி எழுத்தில் இன்னொரு வரி: ‘தம்பி, அண்ணனுக்கு உங்கள் மேல் கோபம் கிடையாது. அன்றைக்கு நிஜமாகவே அடையாளம் தெரியவில்லை.’

எட்டுக் கடிதங்களுக்கு ஐந்து பதில்கள் வந்தன. மூன்று போனில், இரண்டு தபாலில். மதுரை அக்கா, தன் மாமியார் கடைசிக் காலத்தில் அப்படித்தான் இருந்தார் என்றும், வயசான கோளாறு என்று வெளியே சொல்லிக்கொண்டதாகவும் எழுதியிருந்தார். கொல்கத்தா நாத்தனார், தன் வீட்டுக்காரருக்கும் ஒரு வருஷமாக அதுவேதான் என்று போனில் அழுதார். அண்ணன்காரருக்கு வந்த வியாதி தன் வீட்டிலும் இருப்பதை அவரும் குழுவில் மூடித்தான் வைத்திருந்தார். இப்போது இரண்டு பேரும் ஞாயிறு மதியம் பேசிக்கொள்கிறார்கள். கதவுக்கு எப்படித் தாழ்ப்பாள் போடுவது, மாத்திரையை எதில் கலந்து கொடுப்பது என்பது போன்ற விஷயங்கள்.

கொழுந்தனார் பதில் போடவில்லை. மாசி மாதம், மனைவியோடு, நாக்பூரில் வண்டி மாறி வந்து இறங்கினார். வாசலில் நின்றவரைக் கணவர் வெகு நேரம் பார்த்தார். பெயர் வரவில்லை. ஆனால் ஊர்க்காரன் என்று மட்டும் ஏதோ தோன்றியிருக்க வேண்டும். ‘வாய்க்கால்ல தண்ணி வந்துடுச்சா?’ என்று கேட்டார்.

வழக்கப்படி மேட்டூர் அணையை ஜூன் 12ல் திறந்து ஜனவரி 28ல் மூடுவார்கள். மாசியில் அந்தப் பக்கத்து வாய்க்கால்களில் ஆடு மேயும். தம்பி அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு, ‘வந்துடுச்சுண்ணே, கரை முட்டப் போகுது’ என்றார்.

நான்கு நாள் இருந்தார்கள். அவர்கள் போன அன்று இரவு அந்த அம்மாள் புது டைரியை எடுத்தார். வழக்கமாக மார்கழியில்தான் அதைத் தொடுவார். அடுத்த பொங்கல் கடிதத்துக்கான முதல் வரியாக, ‘மாசியில் தம்பியும் அவர் மனைவியும் வந்து நான்கு நாள் இருந்துவிட்டுப் போனார்கள்’ என்று எழுதி வைத்தார்.