ஆறு வோல்ட் விவகாரம்

திங்கட்கிழமை, கிளிநொச்சி

இரண்டாம் உலக யுத்தத்தின்போது பிரித்தானியப் படைகளுக்கென 120,000க்கும் மேலாகச் செய்யப்பட்ட பீ.எஸ்.ஏ. எம்-20 ரகத்தைச் சேர்ந்த என் மோட்டார் சைக்கிள், கண்டி வீதியில் யாதொரு தளர்ச்சியுமின்றி ஓடுகிறதெனினும், அந்தி சாய்ந்ததும் முன்விளக்கு மங்கிப்போக, அம்பியர் மீற்றரின் முள் இறக்கப் பக்கத்தை விட்டு அசைய மறுக்கிறது. இவ்வகை வண்டியில் எஞ்சினுக்குத் தீப்பொறி தருவது மாக்னெட்டோவாகையால் அதற்கு ஆறு வோல்ட் பற்றரியின் தயவு வேண்டுவதில்லை. ஆதலால் மின்னேற்றம் நின்றுபோன சமாசாரம், பகலில் மட்டும் ஓட்டுபவனுக்கு வெகுகாலம் தெரியாமலே இருந்துவிடவும் கூடும்.

செவ்வாய்க்கிழமை

புதுப் பற்றரி ஒன்று வாங்கும் எண்ணத்துடன், முறிகண்டிப் பக்கமாகக் கராஜ் வைத்திருக்கும் பெரியவரிடம் போனேன்.

"பற்றரியில ஏன் தம்பி பழியைப் போடுறியள்? முதல்ல மீற்றரை வைச்சுப் பாருங்கோ."

பற்றரிக்கு மின்னேற்றும் டைனமோவின் 'டி', 'எஃப்' என்னும் இரு முனைகளிலும் உள்ள வயர்களைக் கழற்றி, அம்முனைகளைச் சிறு கம்பியொன்றினால் பிணைத்து, அப்பிணைப்புக்கும் எஞ்சினின் உலோக உடலுக்கும் இடையே வோல்ட் மீற்றரை வைத்து, எஞ்சினைப் படிப்படியாக வேகப்படுத்தினால், டைனமோ ஆரோக்கியமானதாயின் முள் தடையின்றி 10 வோல்ட் வரை ஏறவேண்டும். ஏறினால் குற்றம் ரெகுலேற்றரிலோ வயர்களிலோ இருக்கும்; ஏறாவிடின் டைனமோவுக்குள்ளேதான். எங்கள் முள் பூச்சியத்தை ஒட்டியே நடுங்கிக்கொண்டிருந்தது.

புதன்கிழமை

மாக்னெட்டோவின் மேல் பட்டியிட்டு இருத்தப்பட்டிருந்த டைனமோவைக் கழற்றிப் பிரித்தோம். செப்புத் துண்டுகளாலான கொமியூற்றேற்றர் எண்ணெய்ப் பிசுக்கேறிக் கறுத்திருந்தது. துண்டுகளுக்கு இடையிலுள்ள மைக்கா செம்பின் மட்டத்துக்கு உயர்ந்து, காபன் பிறஷ்களைச் சரிவரப் படியவிடாமல் செய்திருந்தது. எமரித்தாளின் துகள் இடுக்குகளில் தங்கி உபத்திரவம் தருமென்பதால், நுண்ணிய கண்ணாடித்தாளால் துடைத்து, இரும்பறுக்கும் வாள் பிளேட்டின் முறிந்த துண்டொன்றால் மைக்காவைப் பள்ளப்படுத்தி, பெற்றோல் தோய்த்த துணியால் கழுவினார் பெரியவர். பூட்டியபின், பற்றரியிலிருந்து ஒரு வயரைக் கணநேரம் 'எஃப்' முனையில் தொட்டெடுத்துக் காந்தச் சுருளுக்குத் துருவமும் உணர்த்தினார். மறுபடி சோதித்தபோது வோல்ட் மீற்றரின் முள் 10ஐத் தொட்டது.

வியாழக்கிழமை

இன்று முன்விளக்கை ஏற்றியபடியே ஓடியும் அம்பியர் மீற்றரின் முள் ஏற்றப் பக்கத்திலேயே நிற்கிறது. பழைய பற்றரியே போதுமாயிற்று.

1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில், பெற்றோலும் டோர்ச் பற்றரியும் வன்னிக்குள் வராதிருந்தபோது, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள்களை ஓட்டியும், துவிச்சக்கர வண்டியை ஸ்ராண்டில் நிறுத்தி மிதித்து அதன் டைனமோவால் வானொலிச் செய்தி கேட்டும் வாழ்ந்த ஜனங்களுக்கு, மின்சாரம் எங்கே பிறந்து எங்கே தடைப்படுகிறதென்பது அனுபவ சாஸ்திரமாயிருந்தது. மாற்றிப் போடுவதற்குப் பொருளில்லாத இடத்தில் பரீட்சித்து அறிவதையன்றி வேறு மார்க்கம் ஏது? யுத்தத்தால் மூடிக்கிடந்த ஏ-9 என்னும் இந்தக் கண்டி வீதி 2002 ஏப்ரலில் திறந்தபின் உதிரிப்பாகங்கள் வரத் தொடங்கின, அது நன்மையே. ஆயினும் பணங்கொடுத்து வாங்கக்கூடிய பாகத்தையே குற்றமுள்ள பாகமென்று தீர்மானிக்கும் அவசரமும் அவற்றோடு கூடவே வந்துவிட்டது. கராஜுக்கு வரும் இளைஞர்களுக்கு ஸ்பானர் பிடிக்கக் கற்பிக்கும் முன்னர், மீற்றர் பிடிக்கக் கற்பிக்கவேண்டும்.