ஒன்றும் நடக்காத நாளுக்குச் சம்பளம்

எத்தாளை, 2025 ஜூலை 7, திங்கள்

சோளகம் பலத்துவிட்டது. கற்பிட்டிப் பக்கம் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு அலையில் சறுக்க வரும் வெள்ளைக்காரர்களுக்குக் கொண்டாட்டம். மருமகனின் ஹாட்வெயார் கடைக்குத்தான் பாடு. சீமெந்துத் தூசு கடையிலேயே இருக்கிறது. மணலைக் காற்று கொண்டுவருகிறது, உப்பைக் கடல் அனுப்புகிறது. மூன்றும் கூடிக் குடியிருப்பது பில் போடும் கொம்பியூட்டருக்குள்.

காலையில் அது உயிர் பெறவில்லை. 'பீப், பீப்' என்று கத்திவிட்டு இருண்ட திரையோடு நின்றது. வாசலில் தகரத்துக்கும் பைப்புக்கும் ஆட்கள். தம்பிக்கு ஃபோன் போட்டோம். அவனுக்குப் பெயர் இருக்கிறது. ஆனால் இந்த வீதியில் எல்லோருக்கும் அவன் 'கொம்பியூட்டர் தம்பி'. என்னிடம் ஏழாம் வகுப்பில் கணக்குப் படித்தவன் என்பதால் இன்றும் என்னைச் 'சேர்' என்றுதான் கூப்பிடுகிறான்.

வந்தவன் பக்கத் தகட்டைக் கழற்றினான். சாணளவு பச்சைப் பலகை ஒன்றை நெம்பி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். அதன் அடிவிளிம்பில் பொன்னிறப் பல்வரிசை. உப்புக் காற்றில் மங்கி, இடையிடையே கறுத்திருந்தது. சட்டைப் பையிலிருந்து பள்ளிப் பிள்ளைகளின் அழிறப்பர் ஒன்றை எடுத்தான். இரு பக்கமும் மெதுவாக, ஒரே திசையில் தேய்த்தான். தூரிகையால் துகளைத் தட்டினான். திரும்பச் சொருகியதும் ஒரே ஒரு பீப், திரை வந்துவிட்டது.

"அழிறப்பருக்கா இவ்வளவு சல்லி?" என்றான் மருமகன். பகிடிதான், ஆனால் முழுப் பகிடியில்லை. தம்பி சிரித்துக்கொண்டே காசை வாங்கிப் பையில் வைத்தான். எந்தப் பலகையை எப்படித் தேய்க்க வேண்டும், தேய்த்தும் வராவிட்டால் அடுத்து எதைப் பார்க்க வேண்டும் என்று அறிந்திருப்பதற்கும் சேர்த்துத்தான் அந்தக் காசு. மருமகனுக்கு அது பில்லில் தெரியாது.

ஜூலை 10, வியாழன்

எசல போயா விடுமுறை. வங்கி இல்லை, லொறி வராது. பழைய பில் கோவைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

வற் வரி 2022 ஜூன் 1இல் 8 வீதத்திலிருந்து 12 ஆனது. அதே ஆண்டு செப்டெம்பர் 1இல் 15. 2024 ஜனவரி 1இல் 18. அந்த ஜனவரியில்தான் ஆண்டு விற்பனை 8 கோடி ரூபாய் என்றிருந்த பதிவு எல்லை 6 கோடியாக இறங்கியது, எங்கள் கடையும் உள்ளே விழுந்தது. கூரைத் தகடும் சீமெந்தும் விற்கிற கடைக்கு 6 கோடி என்பது இலாபமில்லை, சுற்றிவரும் பணம். ஆனால் சட்டத்துக்கு அந்தப் பேச்சு தேவையில்லை.

அதற்கு முந்தைய இரவு, டிசம்பர் 31, தம்பி இந்த மேசையில்தான் இருந்தான். பில்லின் முகத்தை மாற்ற வேண்டும். பதிவு இலக்கம் வர வேண்டும், வரி தனி வரிசையில் விழ வேண்டும். அதெல்லாம் பெரிய வேலையல்ல என்று அவனே சொன்னான். அவனைப் பிடித்து வைத்தது வேறொன்று. டிசம்பர் கடைசியில் வாங்கிய பைப்பை ஒருவர் ஜனவரியில் திருப்பிக் கொண்டுவந்தால் என்ன ஆகும்? வாங்கும்போது வரி இல்லை. கொம்பியூட்டர் புதிய கணக்குப்படி வரியையும் சேர்த்துத் திருப்பிக் கொடுத்தால் கடைக்கு நட்டம், வரிக் கணக்கும் பிழை. ஒவ்வொரு பில்லும் தன் திகதியின் வீதத்தையே பிடித்துக்கொள்ளும்படி செய்துவிட்டுத்தான் எழுந்தான். அவன் முன்யோசனைப்படியே ஜனவரியில் பைப்புகள் திரும்பி வந்தன. எவருக்கும் எதுவும் தெரியவில்லை, வரிசையும் நிற்கவில்லை.

வர்த்தமானியில் ஓர் இலக்கம் மாறினால் நாடு முழுக்க, மருந்துக் கடை முதல் மீன் ஏற்றுமதிக்காரர் வரை, யாரோ ஒருவர் போய் அதை உள்ளே மாற்ற வேண்டியிருக்கிறது. வரி பற்றித் தொலைக்காட்சியில் எவ்வளவோ பேசினார்கள். இந்த ஆட்களைப் பற்றி ஒருவர் வாய் திறந்ததாக எனக்கு நினைவில்லை.

ஜூலை 14, திங்கள்

கரண்ட் காலையிலிருந்து போவதும் வருவதுமாக இருந்தது. யூபிஎஸ் ஒரு நிமிடம்கூடத் தாங்கவில்லை. தம்பி போன வருடமே சொன்னது: "நானா, பெட்டரி முடிஞ்சு. மாத்திக் கொள்ளுங்க." மருமகனின் பதில் எப்போதும் ஒன்றுதான்: "பார்க்கலாம்."

இன்று யூபிஎஸ்ஸைக் கவிழ்த்துப் பார்த்தேன். தம்பி தன் கையால் மார்க்கர் பேனாவில் 2021 என்று எழுதியிருந்தான். உள்ளே இருக்கும் ஈய அமிலப் பெட்டரி நல்ல குளிரறையில் மூன்று நான்கு வருடம் நிற்கும். எத்தாளைத் தகரக் கூரையின் கீழ் அந்தக் கணக்கெல்லாம் செல்லாது. இரண்டு மூன்று மூட்டைச் சீமெந்தின் விலைக்கு வரும் சாமானை வாங்காமல் நாலு வருடமாக மொத்த வியாபாரத்தையும் அதன் மேல் ஏற்றி வைத்திருக்கிறோம்.

மின்சாரத்தைப் பற்றி இந்தப் பக்கத்து ஆட்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. நாட்டிலேயே பெரிய நிலக்கரி மின்நிலையம் நுரைச்சோலையில், நாங்கள் புத்தளம் போகிற வழியில் இருக்கிறது. லக்விஜய என்பது அரசாங்கம் வைத்த பெயர். மூன்று இயந்திரம், ஒவ்வொன்றும் 300 மெகாவாற். இந்த வருடம் பெப்ரவரி 9, ஞாயிறு முற்பகல், பாணந்துறைத் துணைமின் நிலையத்தில் குரங்கு ஒன்று புகுந்ததாக அமைச்சர் சொன்னார். நாடு முழுவதும் இருண்டது. நுரைச்சோலையின் மூன்று இயந்திரமும் நின்றன. அவை சட்டென்று திரும்ப எழுகிற சாதியல்ல. ஆகவே 10ஆம், 11ஆம் திகதிகளில் நாடு முழுக்க ஒன்றரை மணி நேரம் முறைவைத்து வெட்டினார்கள். 2022 மார்ச் முடிவில் ஒரு நாளுக்கு 13 மணி நேரம்வரை இருந்ததற்கு இது ஒன்றுமில்லைதான். மின்நிலையத்தின் வாசலில் இருந்துகொண்டு மெழுகுவர்த்தி தேடிய அனுபவம் எங்களுக்கு உண்டு.

பெப்ரவரி 9இல் கடைப் பையன் கையிருப்புக் கணக்கை ஏற்றிக்கொண்டிருந்தான். பாதியில் அறுந்தது. கரண்ட் வந்தபின் மென்பொருள் திறக்க மறுத்தது. அன்று கந்தக்குளியில் ஒரு கபானா விடுதியின் ரவுட்டரோடும், எங்கள் வீதி மருந்துக் கடையோடும் மல்லுக்கட்டிவிட்டு இரவில்தான் தம்பி எங்களிடம் வந்தான். முந்தைய மாலை எடுத்த பெக்கப்பிலிருந்து மீட்டுத் தந்தான். அந்தப் பெக்கப் நாங்கள் கேட்டு எடுத்ததல்ல. ஒவ்வொரு மாலையும் தானாக எடுக்கும்படி அவன் எப்போதோ வைத்துவிட்டுப் போயிருந்தான்.

ஜூலை 19, சனி

சென்ற ஆண்டு இதே திகதியில் உலகமே திண்டாடியது. கிரவுட்ஸ்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான புதுப்பிப்பு ஒன்று 85 இலட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத்திரையில் விழுத்தியது. விமானங்கள் நின்றன, மருத்துவமனைகள் தடுமாறின. பிழையான கோப்பைத் திருப்பி எடுக்க நிறுவனத்துக்கு ஒன்றரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஆனால் விழுந்த மெசின்களில் பெரும்பாலானவை தாமாக எழவில்லை. ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஓர் ஆள் போய் நின்று, பாதுகாப்பு முறையில் திறந்து, அந்தக் கோப்பை அழிக்க வேண்டியிருந்தது. மேகக் கணிமை, தானியங்கி என்று எவ்வளவு பெருமை பேசினாலும் கடைசியில் விசைப்பலகையில் ஒரு கை தேவைப்பட்டது. எத்தாளையில் அந்த மென்பொருள் வாங்க எவருக்கும் வசதி இல்லாததால் நாங்கள் தப்பினோம். ஏழ்மைக்கும் சில சலுகைகள் உண்டு.

நம் நாட்டுக் கதை அதைவிடக் கசப்பு. 2023 ஓகஸ்டில் அரசாங்கத்தின் மின்னஞ்சல் முறைமை கப்பம் கேட்கும் வைரஸால் தாக்கப்பட்டது. அமைச்சரவை அலுவலகம் உட்பட சுமார் 5,000 முகவரிகள். மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அஞ்சல்கள் போயின. அந்தக் காலத்துக்குத் தனியே எடுத்து வைத்த பெக்கப் இல்லை. பயன்பாட்டில் இருந்ததோ 2013ஆம் ஆண்டின் மென்பொருள். புதியதுக்கு மாற வேண்டும் என்பது தெரிந்திருந்தும் காசு கிடைக்காததால் தள்ளிப்போனதாகச் சொல்லப்பட்டது. எங்கள் கடையில் ஒலிக்கும் அதே 'பார்க்கலாம்' கொழும்பிலும் ஒலித்திருக்கிறது.

இந்த வேலை செய்கிறவர் தவறு விட்டால் என்ன செய்வது என்பதற்கும் ஓர் உதாரணம் இருக்கிறது. 2017 ஜனவரி 31 இரவு, கிற்லாப் நிறுவனத்தில் நேரம் கடந்தும் வேலை செய்துகொண்டிருந்த பொறியியலாளர் ஒருவர் வேறொரு சேவர் என்று நினைத்து முதன்மைத் தரவுத்தளத்தையே அழித்தார். சுமார் 300 ஜிகாபைற்றில் நாலரைதான் மிஞ்சியது. வைத்திருந்த பெக்கப் வழிகளைத் திறந்து பார்த்தால் ஒன்றும் சரியாக ஓடவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் அதே ஆள் தற்செயலாக எடுத்து வைத்த ஒரு நகல்தான் காப்பாற்றியது. நிறுவனம் அவரை வேலையை விட்டு அனுப்பவில்லை. வெளியிட்ட அறிக்கையில் பெயரும் போடவில்லை. பிழையை ஆளில் தேடாமல் ஏற்பாட்டில் தேடினார்கள். நம் கடைகளில் இப்படியான ஒன்று நடந்தால் தம்பியின் பெயர் அஸர் தொழுகைக்கு முன் கற்பிட்டி வரை போய்விடும்.

ஜூலை 25, வெள்ளி

ஜூலை மாதத்தின் கடைசி வெள்ளி, உலகில் கணினி முறைமைகளைப் பராமரிப்பவர்களுக்கு நன்றி சொல்லும் நாளாம். அமெரிக்காவின் ரெட் கெகாரோஸ் என்ற முறைமைப் பராமரிப்பாளர் தொடங்கியது. முதல் தடவை 2000 ஜூலை 28. ஹியூலற் பக்கார்ட் விளம்பரம் ஒன்றில், புதிய பிரிண்டர்களைப் பொருத்தித் தந்தவருக்கு ஊழியர்கள் பூவும் பழக்கூடையும் கொண்டுவந்து கொடுப்பதாகப் படம். அதே பிரிண்டர்களைத் தன் அலுவலகத்தில் அப்போதுதான் பொருத்தி முடித்திருந்த அவருக்கு எவரும் ஒரு வாழைப்பழம்கூடக் கொடுத்திருக்க மாட்டார்கள் என்பது என் ஊகம்.

இன்று தலவில அன்னம்மாள் கோயிலுக்குப் போகும் பஸ்களால் வீதி நிறைந்திருந்தது. ஜும்ஆவுக்குக் கடையை மூடினோம். பகலில் இந்த வீதியில் எல்லாக் கடையும் ஒரே நேரத்தில் மூடியிருப்பது அந்தப் பொழுதில்தான். ஆகவே தம்பியின் வாரவேலை முழுவதும் வெள்ளிப் பகலில் விழுகிறது. தொழுகை முடிந்து நாங்கள் பிரியாணிக்கு உட்காரும்போது அவன் கடையைத் திறந்து, புதுப்பிப்புகளைப் போட்டு, பெக்கப்பை வெளி டிஸ்கில் ஏற்றி, ஏறியதில் ஒரு பில்லைத் திறந்தும் பார்த்துவிட்டு அடுத்த கடைக்குப் போகிறான். உலகம் அவனுக்கு ஒதுக்கிய நாளும் வெள்ளிதான். அன்றும் அவனுக்குச் சோறு ஆறித்தான் போகிறது.

இன்று சாப்பாட்டைக் கடைக்கே கொடுத்தனுப்பச் சொன்னேன். மருமகன் கேக் வாங்கவா என்று கேட்டான். கேக் வேண்டாம், பெட்டரி வாங்கு என்றேன். தம்பிக்கு அதைவிடப் பெரிய மரியாதை இல்லை. அவன் சொன்னது காதில் விழுந்தது என்பதற்கு அதுதான் அடையாளம்.

பிற்பகல் அவனை உட்கார வைத்துப் பேசினேன். என்ன வேண்டும் என்று கேட்டால் கூச்சப்படுகிறான். வற்புறுத்தியதும் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. இரவு பத்து மணிக்குப் பிறகு "வைஃபை ஸ்லோ" என்று ஃபோன் எடுக்கக் கூடாது. புதிய பிரிண்டரோ கமராவோ வாங்குவதற்கு முன் அவனிடம் கேட்க வேண்டும், வாங்கிவிட்டுக் கேட்கக் கூடாது. கடவுச்சொற்கள் அவன் மண்டைக்குள் மட்டும் இருக்கின்றன. எழுதி உறையில் போட்டுப் பெட்டகத்தில் வைக்க வேண்டும், அவனுக்கு ஒன்று நடந்தால் கடை நிற்கக் கூடாது. கடைசியாகத் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "சேர், பழுதானாத்தான் சல்லி. நான் ஒழுங்கா வேலை செஞ்சா பழுதாகாது. அப்ப எனக்கு வருமானம் இல்ல."

பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தும் இந்தக் கணக்கை நான் போட்டுப் பார்க்கவில்லை. வந்து போகும் கூலி என்ற ஏற்பாட்டில் சோம்பேறிக்கு இலாபம், கெட்டிக்காரனுக்குப் பட்டினி. இப்படிப்பட்ட பிள்ளைகள் கத்தாருக்கும் கொழும்புக்கும் போவதற்கு வேறு காரணம் தேடத் தேவையில்லை. போனபின் பில் மெசினைத் தட்டிப் பார்த்து என்ன பயன்?

ஜூலை 31, வியாழன்

ஹாட்வெயார் கடை, மருந்துக் கடை, கருவாட்டு மொத்தக் கடை, ஐஸ் வாடி, நாலு பேரும் எங்கள் வீட்டுத் திண்ணையில் கூடினார்கள். தம்பிக்கு மாதாமாதம் ஒரு தொகை, ஒன்றும் பழுதாகாத மாதத்திலும் குறைக்காமல். சாமான் செலவு தனி. நாலு கடையின் பங்கும் சேர்ந்தால் ஊரில் இருந்தே அவன் குடும்பம் நடத்தலாம். கருவாட்டுக்கார நானா மட்டும் நெடுநேரம் இழுத்தார். "சும்மா இருக்கிறவனுக்கு மாசச் சம்பளமா?" "வாடிக்குக் காவல்காரன் வைத்திருக்கிறீர்களே, கள்ளன் வராத மாதம் சம்பளம் வெட்டுகிறீர்களா?" என்று கேட்டேன். ஓகஸ்டிலிருந்து தருவதாக ஒப்புக்கொண்டார்.

பெட்டரி மாற்றியாயிற்று. அதன் மேல் தம்பி இந்த மாதத்தைப் பெரிதாக எழுதியிருக்கிறான். இன்னொரு தாளும் கொடுத்திருக்கிறான். விண்டோஸ் 10க்கு மைக்ரோசொஃப்ட் தரும் வழமையான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் ஒக்டோபர் 14உடன் நிற்கின்றன, கடையிலுள்ள பழைய மெசின் விண்டோஸ் 11ஐ ஏற்காது, அதற்குமுன் ஒன்று வாங்க வேண்டும். மருமகன் தாளை வாசித்தான். பார்க்கலாம் என்று சொல்லவில்லை, விலை கேட்டான்.