பழைய காருக்குப் புதிய சைலன்சர்

எங்கள் முற்றத்தில் நிற்கும் மொறிஸ் மைனர் காருக்கு என்னைவிட வயது கூட. அப்பா அதை ஹயருக்கு ஓடினார். கொக்கட்டிச்சோலைத் தேருக்கு ஆட்களை ஏற்றியது அதில்தான். நோவெடுத்த பெண்களை மண்முனைத் துறையில் பாதையில் ஏற்றி எழுவான்கரைக்குக் கொண்டுபோனதும் அதில்தான். யுத்த காலத்தில் படுவான்கரைக்குப் பெற்றோல் வராத நாட்களில் மண்ணெண்ணெயிலும் ஓடியது. கொஞ்சப் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, இஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். பின்னால் வெள்ளைப் புகை மேகம் போலப் போகும்.

அப்பாவுக்குப் பிறகு அதை நான் ஓடுகிறேன். கிளினிக் போகும் வயதானவர்கள், கல்யாண வீடுகள், பாடசாலைப் பிள்ளைகள் என்று ஒரு சிறிய வருமானம். ஓட்டோ ஒன்று வாங்கலாம் என்றுதான் இருந்தேன். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025 பெப்ரவரியில் திறந்தபோது விலை எம்மைப் போன்றவர்களின் கைக்கு எட்டாத உயரத்தில் நின்றது. எனவே இருப்பதைத் திருத்துவது என்று முடிவெடுத்தேன். முதலில் சைலன்சர். பெண்கள் சஞ்சிகையில் சைலன்சரைப் பற்றியா என்று சிலர் சிரிக்கலாம். பரவாயில்லை.

மண்முனையில் 2014இல் பாலம் வந்தது. பாலத்தால் இறங்கும்போது வேக மிதியிலிருந்து காலை எடுத்தால், எங்கள் கார் பின்னால் "படார்" என்று வெடிக்கும். ஒரு தடவை அம்மா பின் சீற்றில் இருந்தார். சத்தம் கேட்டதும் சீற்றிலிருந்து சரிந்து தரையோடு கிடந்துவிட்டார். "ஆர் மகள் சுடுறது?" என்று மட்டும் கேட்டார். காரை ஓரமாக நிறுத்தி அவரைத் தூக்கி இருத்தினேன்.

1990இல் ஒரு இரவு என் அண்ணாவைக் கூட்டிக்கொண்டு போனார்கள். வந்த வாகனத்தின் இலக்கத்தை யாரும் பார்க்கவில்லை. விளக்கை அணைத்துவிட்டு வந்தார்கள். சத்தத்தை மட்டும் கேட்டோம். அந்தக் காலத்துப் பெண்களுக்கு இது தெரியும்: பவல் வண்டியின் சத்தம் எது, உழவு இயந்திரத்தின் சத்தம் எது, மோட்டார் சைக்கிள் ஒழுங்கைக்குள் திரும்புகிறதா நேரே போகிறதா என்று படுத்தபடியே சொல்வோம். அம்மா இன்றைக்கும் சொல்வார்.

நான் முதலில் காட்டிய கராஜில், "பழைய கார் எண்டா அப்பிடித்தான் அக்கா" என்றார்கள். இரண்டாவது இடத்தில், "ஆம்புள ஆக்கள் ஆரும் வரல்லயா?" என்று கேட்டார்கள். மூன்றாவதாக, அப்பாவோடு பழகிய ஒரு வயதான மெக்கானிக்கிடம் போனேன். அவர் காரைத் தூக்கி முட்டுக் கொடுத்து, என்னையும் கீழே படுத்துப் பார்க்கச் சொன்னார். இஞ்சினோடு குழாய் பொருந்தும் மூட்டைச் சுற்றிக் கறுப்புக் கரிக்கோடு இருந்தது. "வெடிக்கிறது இதுதான், மகள்" என்றார்.

காரணம் இதுதான். மிதியிலிருந்து காலை எடுத்ததும் காற்று போகும் வழி அடைபடுகிறது. ஆனால் சக்கரங்கள் இஞ்சினைச் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. உள்ளே போகும் பெற்றோல் முழுதாக எரியாமல் சூடான குழாய்க்கு வந்துவிடும். மூட்டில் ஓட்டை இருந்தால் அதன் வழியாக வெளிக்காற்று உள்ளே இழுபடும். காற்றும் பெற்றோலும் சூடும் சந்தித்தால் வெடிக்கத்தானே செய்யும்? காபரேற்றர் பெற்றோலை அதிகமாக விட்டால் இன்னும் மோசம். ஆகவே பழைய கார் என்பது காரணமல்ல. ஓட்டையை அடைத்து, காபரேற்றரைச் சரிசெய்தால் அந்தச் சத்தம் நிற்கும். இதைக் கேட்ட அன்று எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லத் தெரியவில்லை.

இதற்குள் தங்கையின் மகன் வந்து சேர்ந்தான். "பெரியம்மா, மாத்துறதெண்டா ஸ்போர்ட்ஸ் கார் மாதிரி மாத்துவம்" என்றான். அவன் சொன்னதில் உண்மை இருந்தது. மொறிஸ் மைனரின் இஞ்சினும் எம்.ஜி. மிட்ஜெட் என்ற பந்தயக் காரின் இஞ்சினும் ஒரே குடும்பம். எங்கள் காரின் 1098 சீசீ இஞ்சின் 48 குதிரைவலு தரும். அதே அளவு இஞ்சின் 1962இல் மிட்ஜெட்டுக்குப் போனபோது, இரட்டைக் காபரேற்றரும் வேறு மாற்றங்களும் சேர்ந்து 55 ஆயிற்று. இந்த இஞ்சினில் நான்கு சிலிண்டருக்கும் புகை வெளியேறுவது மூன்று வாசல்களால்தான். நடு இரண்டு சிலிண்டருக்கும் ஒரே வாசல். பந்தயக்காரர் இரும்பு வார்ப்பைக் கழற்றிவிட்டு, நடுவில் நீளக் கிளை வைத்த மூன்று கிளைக் குழாய் போடுவார்கள். ஒன்றின் புகை மற்றதைத் தடுக்காமல் போகும்.

அவன் கேட்டது அந்தக் குழாயும், நேராகத் துளைத்த சைலன்சரும், அகலமான பின் குழாயும். நேர்ச் சைலன்சரின் உள்ளே துளையிட்ட குழாயைச் சுற்றிக் கண்ணாடிப் பஞ்சு அடைந்திருக்கும். அந்தப் பஞ்சு நாளடைவில் எரிந்தும் பறந்தும் போகும். சத்தம் வருடா வருடம் கூடும். அகலக் குழாயும் சிறிய இஞ்சினுக்கு உதவாது. புகை மெதுவாகி, மெதுவான ஓட்டத்தில் இழுவை குறைந்துவிடும். வாகரையில் பந்தயம் ஓடப் போவதில்லை, நான் கிளினிக்குக்கு ஆட்களைக் கொண்டுபோகிறேன் என்றேன். முகத்தைச் சுளித்தான். அவனது மோட்டார் சைக்கிளின் சைலன்சர் வேறொரு கதை. அதை அவன் எங்கள் ஒழுங்கைக்கு வெளியே நிறுத்திவிட்டுத்தான் வரவேண்டும் என்பது வீட்டுச் சட்டம்.

வார்ப்பு இரும்பை அப்படியே விட்டோம். அறைகள் தடுத்த, அமைதியான சைலன்சரே வேண்டும் என்றேன். செலவை எதில் கூட்டலாம் என்றால், இரும்பில்தான். ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. தூர ஓட்டத்தில் அது வெளியே போய்விடும். என்னைப் போலக் கிட்டக் கிட்ட ஓடினால் சைலன்சர் சூடாகுமுன் கார் நின்றுவிடும்; தண்ணீர் உள்ளேயே தங்கி, புகையின் அமிலத்தோடு சேர்ந்து இரும்பைத் தின்னும். வெளியே வாவிக் காற்றின் உப்பு. 2011 ஜனவரி வெள்ளத்தில் எங்கள் கார் அச்சளவு தண்ணீரில் நின்றதும் அதற்கு நல்லதாக அமையவில்லை. சாதாரண இரும்பில் மூன்று தடவை ஒட்டுப் போட்டாயிற்று. இம்முறை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். விலை இரண்டு மடங்குக்கு மேல். வாங்கும்போது காந்தம் ஒன்று கொண்டுபோனேன். காந்தம் இழுத்தால் அது துருவை அவ்வளவாகத் தாங்காத மலிவு வகை. இழுக்காவிட்டாலும் முழு உத்தரவாதமில்லை என்றார் மெக்கானிக். சைலன்சரின் அடியில் சிறு துளை ஒன்று வைத்தார், தண்ணீர் வடிய. தொங்கவிடும் பட்டிகளைப் பழைய ரயரில் வெட்டினார்.

பழைய கஸ்கட்டைச் சுரண்டுமுன் அதைத் தண்ணீரால் நனைத்தார். பழைய கஸ்கட்டுகளில் அஸ்பெஸ்டஸ் இருக்கும். அதன் தூள் சுவாசப்பைக்கு நஞ்சு. ஊதித் தட்டக்கூடாது.

சத்தத்தைவிட நான் பயந்தது வேறொன்று. ஓட்டைச் சைலன்சரால் வரும் காபன் மொனொக்சைட்டுக்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுபோக விடாது தடுக்கும். தலையிடி, தலைசுற்று, வாந்தி வரும், நித்திரை தூங்கும். வெயிலென்று நினைப்பார்கள். கர்ப்பிணிகளுக்கும் சிறுபிள்ளைகளுக்கும் ஆபத்து அதிகம். எங்கள் காரின் தரைத் தகட்டிலும் துரு ஓட்டைகள் இருந்தன. உங்கள் வீட்டில் கார், வான், ஓட்டோ எது இருந்தாலும் நீங்களே பார்க்கலாம். காலையில் இஞ்சின் குளிராக இருக்கும்போது, திறந்த இடத்தில் ஸ்டார்ட் பண்ணி, மூட்டுகளில் சவர்க்கார நீர் தடவுங்கள். குமிழி வந்தால் அங்கே ஓட்டை. அல்லது ஒருவர் ஈரத் துணியால் பின் குழாயை ஒரு கணம் பொத்த, மற்றவர் "ஸ்ஸ்" சத்தம் வருகிறதா என்று கேட்கலாம். மூடிய கொட்டிலுக்குள் ஒருபோதும் இஞ்சினை ஓட விடாதீர்கள்.

வேலை இரண்டு நாள் எடுத்தது. பாலத்தால் நாலைந்து தடவை ஏறி இறங்கிப் பார்த்தேன், வெடிக்கவில்லை. பிறகுதான் அம்மாவை ஏற்றினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, தையல்காரியிடம் சட்டை எடுக்கவேண்டும் என்று மட்டும் ஞாபகப்படுத்தினார். றோட்டில் பெடியன்களின் மோட்டார் சைக்கிள் வெடித்தால் இன்னமும் என் தோளைப் பிடிப்பார். அதற்கு எந்தக் கராஜிலும் வேலை செய்ய முடியாது.

2008இல் இருந்து வருமான அனுமதிப்பத்திரத்துக்குப் புகைப் பரிசோதனைச் சான்று கேட்கிறார்கள். காபரேற்றரைச் சரிசெய்ததால் இம்முறை முதல் தடவையிலேயே தேறியது. பெற்றோலும் முன்னையைவிடக் கொஞ்சம் மிச்சம்.

செலவில் பாதியைச் சீட்டுக் காசில் கொடுத்தேன். மீதியைத் தை மாதக் கல்யாண ஹயர்களில் கொடுப்பதாகப் பேச்சு. இனித் தரைத் தகடு. இந்தக் காருக்கான தகடுகளை 1990களில் இலங்கையிலேயே செய்து இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள் என்று மெக்கானிக் சொன்னபோது நான் நம்பவில்லை, விசாரித்தால் உண்மைதான். இப்போது அந்தத் தகட்டுக்கு விலை கேட்டிருக்கிறேன். கிடைக்காவிட்டால் வெல்டிங் கடையில் வெட்டி அடிக்க வேண்டும், மாரி தொடங்குமுன்.