பாறை விழுந்த பிறகு

 

கோலாலம்பூரில் நம் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதக் கற்பிக்கும் பணியில் பல ஆண்டுகளாக இருந்து வருகிறேன். ஒருநாள் மஃரிபுக்குப் பின், என்னிடம் ஓதி முடித்துச் சென்ற ஒரு மாணவனின் தாயார் மத்ரஸாவுக்கு வந்தார்.

"உஸ்தாத், நீங்கள் சொன்னால்தான் அவன் கேட்பான். இந்தப் பாறை ஏறுகிற வேலையை விடச் சொல்லுங்கள். போன வாரம் அங்கே கல் சரிந்து விழுந்திருக்கிறதாம். அந்த நேரத்தில் இவன் நின்றிருந்தால் என்ன ஆவது?"

சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நான் அவர் பக்கம் நின்றேன். அல்லாஹ் அமானிதமாகத் தந்த உடலை வீண் சாகசத்துக்குப் பணயம் வைப்பதா என்பதுதான் என் எண்ணமாகவும் இருந்தது. அன்றிரவே அவனைத் தொலைபேசியில் அழைத்தேன். முழுவதும் கேட்டுவிட்டு அவன் ஒன்றே சொன்னான்: "உஸ்தாத், ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவை வந்து பாருங்கள். பார்த்த பிறகும் விடச் சொன்னால் விட்டுவிடுகிறேன்."

அவன் வாக்கு மாறாதவன். எனவே நான் சொல்லப்போகும் சொல்லுக்கு நானே பொறுப்பாளி ஆகிவிட்டேன். சென்றேன்.

பத்துமலை என்றதும் தமிழர் அனைவர்க்கும் அங்குள்ள முருகன் கோயிலும் படிக்கட்டும்தான் நினைவுக்கு வரும். அதே குன்றின் மறுபக்கத்தில் செங்குத்தான சுண்ணாம்புப் பாறைச் சுவர்கள் நிற்கின்றன. ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகள் பழைமையான பாறை. மலாய் மொழியில் 'பத்து' என்றால் கல். மேலிருந்து சிறு கல் உருண்டாலும் அங்குள்ள இளைஞர்கள் "பத்து! பத்து!" என்று கூவுகிறார்கள். முதலில் அது எண்ணிக்கை என்றே நினைத்தேன். எல்லோரும் சுவரோடு ஒண்டியதைக் கண்ட பிறகுதான் எச்சரிக்கை என்று விளங்கியது.

சுண்ணாம்புப் பாறையை மழைநீர் மெல்ல மெல்லக் கரைக்கிறது. காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயு கலந்து நீர் இலேசான அமிலமாகி, வெடிப்புகளில் இறங்கி அவற்றை அகலப்படுத்துகிறது. மரவேர்கள் உள்ளே நுழைந்து நெம்புகின்றன. ஒருநாள் பெருமழைக்குப் பின் ஒரு துண்டு பெயர்ந்து விழுகிறது. இதில் எந்த மனிதருடைய குற்றமும் இல்லை. ஆனால் விளைவு சிறியதாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது. 1973 அக்டோபரில் ஈப்போவின் குனோங் செரோ குன்றிலிருந்து பெரும்பாறை பெயர்ந்து, அடிவாரத்தில் வாழ்ந்த சுமார் 40 பேர் உயிரிழந்தார்கள்.

இவர்களுடைய விளையாட்டு முறையையும் சொல்லிவிடுகிறேன். பாறையில் துளையிட்டு, சில அடிகளுக்கு ஒன்றாக உலோக போல்ட்டுகளைப் பதித்திருக்கிறார்கள். ஏறுபவர் ஒவ்வொரு போல்ட்டிலும் கொக்கியை மாட்டி, அதில் தம் கயிற்றைச் செலுத்திக்கொண்டே மேலே செல்கிறார். கீழே ஒருவர் அந்தக் கயிற்றைப் பிடித்திருக்கிறார். கை வழுக்கினால் போல்ட்டும் கீழே நிற்பவரும் சேர்ந்து தாங்குகிறார்கள். நல்ல போல்ட் பக்கவாட்டில் ஏறத்தாழ இரண்டரை டன் பாரத்தைத் தாங்க வேண்டும் என்பது பன்னாட்டுத் தரம். ஆனால் போல்ட்டைச் சுற்றியுள்ள பாறையே பெயர்ந்துவிட்டால் அந்தத் தரத்தால் பயனில்லை.

நான் சென்ற ஞாயிறன்று எவரும் ஏறி விளையாடவில்லை. கல் விழுந்து பத்து நாள்கள் ஆகியிருந்தன. ஒரு துண்டு விழுந்த இடத்தில் தொடர்ந்து வேறு துண்டுகளும் விழக்கூடும் என்பதால், அதுவரை எவரும் அருகில் செல்லாமல் தொலைநோக்கியால் பார்த்து வந்திருக்கிறார்கள். பாதையின் முதல் போல்ட்டில் சிவப்பு நாடா கட்டி, வாட்ஸ்அப் குழுவிலும் அறிவித்திருந்தார்கள். அன்று அடிவாரத்தைக் கயிறு கட்டி அடைத்துவிட்டு, இருவர் மேலிருந்து இறங்கினார்கள். ஒருவன் என் மாணவன்.

அவன் கையிலிருந்த சுத்தியலால் பாறையைத் தட்டிக்கொண்டே வந்தான். உறுதியான பாறை கணீரென்று ஒலிக்கும். பிளவுண்ட பாறை பொத்தென்று ஒலிக்கும். பொத்தென்ற இடத்தில் சுண்ணக்கட்டியால் குறியிட்டான். கீழே ஆளில்லை என்று இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்ட பின்னரே கடப்பாரையால் நெம்பித் தள்ளினான். ஒரு குளிர்சாதனப் பெட்டியின் பாதி அளவுள்ள கல், அடைக்கப்பட்ட அடிவாரத்தில் விழுந்து சிதறியது. யாரோ ஒரு பிள்ளை என்றோ ஒருநாள் பற்றித் தொங்கியிருக்கக்கூடிய கல் அது.

அந்தப் பாதையை முதன்முதலில் அமைத்தவர் ஒரு சீனப் பெரியவர். அறுபது வயதைக் கடந்தவர். அவரிடம் கேளாமல் அவருடைய போல்ட்டை மாற்றுவது முறையன்று என்று அழைத்து வந்திருந்தார்கள். அவர் மேலே நோக்கி, கையைச் சற்று வலப்புறம் அசைத்து, புதிய இடத்தைக் காட்டினார். அங்கே துளையிட்டு, தூரிகையால் தேய்த்து, ஊதி, மறுபடி தேய்த்து, மறுபடி ஊதினார்கள். துளையில் தூசி இருந்தால் பசை பாறையைப் பற்றாதாம். போல்ட்டைப் பதித்த பின்னும், பசை இறுகும்வரை எவரும் அதில் பாரம் ஏற்றக் கூடாது. ஆகவே அன்று அங்கு உழைத்தவர்களில் ஒருவரும் அந்தப் பாதையில் ஏறாமலே வீடு திரும்பினார்கள்.

கூலி எவருக்கும் இல்லை. போல்ட்டும் பசையும் அவர்களே பணம் சேர்த்து வாங்கியவை. உலகெங்கும் இதுதான் வழக்கமாம். அமெரிக்காவில் இத்தகைய தொண்டர்களுக்கு இலவசமாக போல்ட் வழங்குவதற்கென்றே 1998இல் ஒரு சங்கம் தொடங்கப்பட்டது. நம் சகோதரர்கள் மிகுதியாக வாழும் தென் தாய்லாந்தின் கிராபியில், கடல் உப்புக் காற்றால் துருப்பிடிக்காத எஃகு போல்ட்டுகளும் முறிந்துபோகின்றன. அங்கே தொண்டர்கள் அவற்றை அகற்றி, டைட்டானியம் போல்ட்டுகளைப் பதித்து வருகிறார்கள்.

லுஹர் நேரம் வந்தது. இருவர் இன்னும் மேலே கயிற்றில் இருந்தார்கள். எங்களில் சிலர் தொழ நிற்க, சிலர் கயிற்றருகே நின்றார்கள். பிறகு அவர்கள் தொழ, நாங்கள் நின்றோம். அச்சநேரத் தொழுகையின் சட்டத்தை இருபது ஆண்டுகளாகப் பாடம் நடத்துகிறேன். ஒரு பிரிவினர் தொழும்போது மற்றொரு பிரிவினர் காவல் நிற்கும் முறை அது. எங்கள் நிலை அந்தச் சட்டத்துக்குரிய நிலை அன்று என்பதை அறிவேன். எனினும், பிறர் உயிரைக் காத்து நிற்பவருக்கு இறைவன் எவ்வளவு இடமளித்திருக்கிறான் என்பதை அன்றுதான் உள்ளத்தால் உணர்ந்தேன்.

இனி என் குறையைச் சொல்ல வேண்டும். அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன், எங்கள் மத்ரஸாவில் சிறுபிள்ளைகள் அமரும் இடத்தின் மேற்கூரைப் பூச்சு இரவில் பெயர்ந்து விழுந்திருந்தது. காலையில் பார்த்தேன். "அல்ஹம்துலில்லாஹ், பிள்ளைகள் இல்லாத நேரத்தில் விழுந்தது" என்றேன். பெருக்கினோம். பாயை நான்கடி தள்ளிப் போட்டோம். அதைத் தவக்குல் என்றே எண்ணியிருந்தேன். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டச் சொன்ன நபிமொழியை அதே பாயில் அமர்ந்துதான் கற்பித்து வந்தேன்.

பாறையிலிருந்து திரும்பிய மறுநாள், ஃபஜ்ருக்குப் பின் தனியாக மத்ரஸாவுக்குச் சென்றேன். ஒட்டடைக் கம்பின் முனையால் மேற்கூரையைத் தட்டினேன். மூன்று இடங்களில் பொத்தென்றது. அவற்றில் ஒன்று, நாங்கள் பாயைத் தள்ளிப் போட்ட புதிய இடத்துக்கு நேர் மேலே இருந்தது.

சற்று நேரம் எழ முடியாமல் அங்கேயே அமர்ந்துவிட்டேன். பிறகு அறையைப் பூட்டி, நிர்வாகத்தாரிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். பூச்சு முழுவதையும் கொத்தி எடுத்துப் புதிதாகப் பூசும்வரை, பிள்ளைகள் இரண்டு வாரம் ஒரு சகோதரரின் வீட்டுக் கூடத்தில் ஓதினார்கள்.

அந்தத் தாயாரிடம் என்ன சொன்னேன் என்று கேட்பீர்கள். மகனை விடச் சொல்ல என் நாவு எழவில்லை. தலைக்கவசமின்றி ஏறக் கூடாது, பெருமழைக்கு மறுநாள் செல்லக் கூடாது, செல்லும் இடத்தைத் தாயிடம் சொல்லாமல் போகக் கூடாது என்று மூன்று வாக்குறுதிகள் வாங்கினேன். அவர் முழுமையாகச் சமாதானம் அடையவில்லை. தாயின் அச்சம் என் ஒரு சொல்லில் தீர்ந்துவிட வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. "உங்கள் மகன் பிறர் பிள்ளைகளுக்காகவும் கல் தட்டிப் பார்க்கிறான்" என்றேன். "அவனுக்காக யார் தட்டிப் பார்ப்பார்கள், உஸ்தாத்?" என்றார். "அவனைப் போன்றவர்கள்" என்றேன்.

பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவது ஈமானின் கிளைகளில் ஒன்று என்று சிறுவயதிலேயே படித்தோம். முள்ளும் கல்லும் கண்ணுக்குத் தெரிகின்றன. தட்டிப் பார்த்தால்தான் தெரியும் இடையூறுகளும் நம் பள்ளிவாசலிலும் வீட்டிலும் உண்டு. ஒளுச் செய்யும் இடத்தில் ஆடும் ஓடு, மாடிப்படியில் தளர்ந்த கைப்பிடி, தண்ணீர்த் தொட்டியின் விரிசல் விட்ட மூடி. இந்த வாரம் உங்கள் பிள்ளைகளோடு சேர்ந்து ஒன்றையேனும் தட்டிப் பாருங்கள்.

நமக்குப் பின் அவ்வழியே வருபவர்களுக்குத் தீங்கு நேராமல் காக்கும் நன்மக்களாக, வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கி அருள்வானாக. ஆமீன்.