பிணை நின்ற அயல்

ஏழைக்குக் கடன் கிடைப்பதில்லை என்பது பழைய குறை. கிடைக்கத் தொடங்கிய பின் நேர்ந்ததையே இன்று நாம் ஆராய வேண்டியிருக்கிறது.

அம்பிட்டியவில் என் வீட்டருகே ஓர் அம்மா இடியப்பம் அவித்துக் கண்டிக் கடைகளுக்குக் கொடுத்து வருகிறார். மா வாங்கக் கைமுதல் வேண்டி வங்கிக்குப் போனார். அரசாங்க உத்தியோகத்தர் இருவரைப் பிணைக்கு அழைத்துவரச் சொன்னார்களாம். "எங்க போய்த் தேட, சேர்? எங்க ஆளுங்க பார்த்த உத்தியோகம் கொழுந்து பறிக்கிறதுதான்" என்று சிரித்தார்.

வங்கி மறுத்தவரை நுண்நிதி நிறுவனமொன்று வீடு தேடி வந்தது. ஐந்து பெண்கள் குழுவாகி ஒருவருக்கொருவர் பிணை நின்றால் போதும். (இம்முறையை உலகறியச் செய்த வங்காளதேசக் கிராமீன் வங்கிக்கு 2006இல் நோபல் பரிசே கிடைத்தது.) 30,000 ரூபா கடன், 50 வாரம், வாரம் 750 ரூபா. வட்டி 7,500, நூற்றுக்கு 25 என்றுதான் எவருக்கும் தோன்றும். ஆனால் கடன் வாராவாரம் கரைகிறது. சராசரியாக அவர் கையில் நின்றது ஏறக்குறைய 15,000 ரூபாவே. ஆகவே உண்மை வட்டி நூற்றுக்கு 50ஐ அணுகுகிறது. கணக்குப் படிப்பிக்கும் எனக்கே இது கொப்பியில் எழுதிப் பார்த்த பின்புதான் துலங்கிற்று.

வட்டியினும் கொடியது வேறு. குழுவிலிருந்த சிங்களப் பெண்ணொருவர், கணவர் நோயுற்றதால், இரு தவணை தவறினார். அறவிட வந்தவர் அவரை ஒன்றும் கேட்கவில்லை; பணம் வைக்கும்வரை எழ முடியாதென்று மற்ற நால்வரையும் உட்காரவைத்தார். வேலிக்கு மேலால் கறிவேப்பிலையும் பலாக்கொட்டையும் கைமாறிய வீடுகள் அவை. இப்போது பேச்சில்லை. ஊரின் ஒற்றுமையையே ஈடாக எழுதி வாங்கும் வியாபாரத்தை வேறெப்படி அழைப்பது?

2018இல் வறட்சி மாவட்டங்கள் பன்னிரண்டில் பெண்களின் சிறுகடன்களை அரசு ஏற்றது. கண்டி அப்பட்டியலில் இல்லை.

இதே கண்டி மாவட்டத்துத் தும்பறையில் 1906ஆம் ஆண்டிலேயே கூட்டுறவுக் கடன் சங்கம் தோன்றியது. 1911இல் அதற்குச் சட்டமும் பிறந்தது. கூட்டுறவிலும் அயலவரே பிணை. ஆனால் வட்டி அவர்களுடைய பொதுப்பெட்டிக்கே திரும்பும். நோயாளிக்குத் தவணை நீட்டுவதா என்பதை அவர்களே தீர்மானிப்பார்கள்.

இதை அம்மாவிடம் சொன்னேன். "அதுல தமிழ் ஆளுங்களையும் சேர்ப்பாங்களா, சேர்?" என்றார். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடற்றவரானோரின் பேத்தி அவர். அவர்களுள் எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்க 2003 வரை செல்லவேண்டியிருந்தது. இன்று சட்டத்தில் தடையில்லை. ஆனால் எந்தச் சங்கமும் அவர் வாசலுக்கு வந்ததில்லை. வட்டிக்காரன் வந்தான், இனம் கேட்காமலே வந்தான்.